பட்டா சொல்லாத விதிகள்

ஓய்வுபெற்ற ஒருவர் தன் வீட்டின் கீழ்த்தளத்தை மருந்துக்கடைக்கு வாடகைக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொட்டைமாடியில் விளம்பரப் பலகை நிறுத்த ஒரு விளம்பர ஏஜென்சியும் மாத வாடகை பேசுகிறது. பட்டா அவர் பெயரில் இருக்கிறது. வில்லங்கம் இல்லை, சொத்துவரி பாக்கியும் இல்லை. என் இடம், என் சுவர், என் மாடி, இதில் யாரிடம் போய் என்ன கேட்பது என்று அவர் நினைத்தால் வியப்பில்லை. நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் செய்வது நான்கு தனித்தனிக் காரியங்கள். குடியிருப்பைக் கடையாக்குவது நிலப் பயன்பாட்டைச் சேர்ந்தது. முன்சுவரை இடித்து ஷட்டர் போடுவது கட்டட அனுமதியைச் சேர்ந்தது. கடை நடத்துவதற்குத் தொழில் உரிமம் வேண்டும். மாடியில் இரும்புச் சட்டகம் எழுப்பி அடுத்தவர் விளம்பரத்தைக் காட்டுவதற்கு வேறொரு உரிமம் வேண்டும். இவற்றில் ஒன்று கைக்கு வந்ததால் மற்ற மூன்றும் வந்துவிட்டதாக ஆகாது.

இடம் யாருடையது என்பதைப் பத்திரமும் பட்டாவும் சொல்லும். அங்கே என்ன செய்யலாம், தெருவை நோக்கி எதைக் காட்டலாம் என்பதை அவை சொல்வதில்லை. தமிழ்நாட்டின் நகரமைப்புச் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் விளைந்தது என்பதே என் கருத்து. இதில் உரிமையாளர்களின் அறியாமைக்குப் பங்கு உண்டு. விதியை எழுதிவிட்டு, அதை மீறியவருக்கு அவ்வப்போது மன்னிப்பும் வழங்கிய அரசுகளின் பங்கு அதைவிடப் பெரிது.

சென்னை மாகாணத்தில் நகரமைப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது 1920-இல். தியாகராய நகர் அதன் தொடக்ககால விளைவு. நீண்ட ஏரி என்று வழங்கிய பெரிய ஏரியைத் தூர்த்து, அகலமான சாலைகளும் நடுவே பூங்காவுமாக, 1920-களில் குடியிருப்புப் பகுதியாகத் திட்டமிடப்பட்டது அது. வீடுகள் நிறைந்திருந்த ரங்கநாதன் தெரு மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டி இருந்ததால் கடைத்தெருவாக மாறியது. அந்த மாற்றத்தில் தவறில்லை. ஊர் வளரும்போது தெருக்கள் மாறத்தான் செய்யும். ஆனால் வீட்டுக்கென்று வகுத்த மனையில், வீட்டுக்கென்று போட்ட தெருவில், பல மாடி வணிகக் கட்டடங்கள் எல்லைச் சுவர்வரை எழுந்தன. கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய இடம், அதாவது செட்பேக், காணாமல் போனது. 2017 மே 31 அன்று அதே தி.நகரின் உஸ்மான் சாலையில் பெரிய ஜவுளிக்கடை ஒன்று பற்றி எரிந்தது. விடிந்து மறுநாள் ஆகியும் தீ அடங்கவில்லை. கட்டடம் சரிந்து, மிச்சத்தையும் இடிக்க வேண்டியதாயிற்று. தீயணைப்பு வண்டி சுற்றி வரவும், பக்கத்துக் கட்டடத்துக்குத் தீ தாவாமல் இருக்கவும்தான் செட்பேக் கேட்கப்படுகிறது என்பதை அந்த இரண்டு நாள்கள் ஊருக்கே காட்டின.

இன்று இதற்கெல்லாம் அடிப்படை 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதைச் செயல்படுத்துவது சென்னைப் பெருநகரில் சி.எம்.டி.ஏ. எனப்படும் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மற்ற இடங்களில் டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம். 2008 செப்டம்பர் 2 அன்று நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம், 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பில் புல எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன்பாட்டை வகுத்தது: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி, வேளாண்மை என்று. முதன்மைக் குடியிருப்பில் சிறு கடையும் மருத்துவரின் ஆலோசனை அறையும் அளவோடு இருக்கலாம். பெரிய கடைக்கு இடமில்லை. கலப்புக் குடியிருப்பில் கூடுதல் வாய்ப்பு உண்டு. எதுவாயினும் சாலையின் அகலத்தைப் பார்த்துத்தான் அனுமதி. சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்வது எளிமையானது: திட்டத்துக்கு மாறாக நிலத்தைப் பயன்படுத்தக் கூடாது. மாற்ற விரும்பினால் அதற்கென்று விண்ணப்பித்து, அறிவிப்பு வெளியாகி, ஆட்சேபங்கள் கேட்கப்பட்டு, அதன் பிறகே வகைப்பாடு மாறும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வருவாய்த் துறையின் பதிவேட்டில் நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என்று ஒரு வகைப்பாடு இருக்கிறது. அது நிலவரிக்காகப் பிறந்தது. நகரமைப்பு வரைபடத்தில் இருப்பது வேறு வகைப்பாடு. பட்டாவில் புஞ்சை என்றிருக்கும் நிலம் முழுமைத் திட்டத்தில் குடியிருப்பாக இருக்கலாம். வீட்டுமனை என்று விற்கப்பட்ட நிலம் வரைபடத்தில் வேளாண்மை வண்ணத்திலோ, நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள்ளோ கிடக்கலாம். கிரையப் பத்திரம் பதிவாகிவிட்டது, பட்டாவும் மாறிவிட்டது என்பதால் அந்த வண்ணம் மாறிவிடாது. முழுமைத் திட்டமே போடப்படாத ஊர்களிலும் வேளாண் நிலத்தில் வீடோ கடையோ கட்ட அனுமதி தருவதற்கு முன் உள்ளாட்சி அமைப்பு நகர் ஊரமைப்பு இயக்குநரின் இசைவைப் பெறவேண்டும். அது 47-ஏ பிரிவு.

இந்தக் குழப்பத்தின் உச்சம் 2016-இல் வெளிப்பட்டது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் ஊராட்சித் தலைவரின் முத்திரையோடு மாநிலமெங்கும் மனைகள் விற்றுக்கொண்டிருந்தன. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டபோது பத்திரப் பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. மகள் கல்யாணத்துக்கென்று மனை வாங்கிப் போட்டிருந்தவர் விற்க முடியாமல் நின்றார். 2017 மே மாதம் அரசு விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த வழி செய்தது. விண்ணப்பிக்கும் கடைசித் தேதி பலமுறை தள்ளிப்போனது. மனைப்பிரிவு போட்டு விற்றவர்கள் பணத்தோடு விலகிவிட, கட்டணமும் அலைச்சலும் வாங்கியவர் தலையில் விழுந்தன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்ற விதி, அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளில் வாழும் குழந்தைகளுக்குப் பயன்படாமலே போனது. பணம் கட்டி வரன்முறைப்படுத்தலாம். விற்றுப்போன பூங்காவைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கட்டடங்களிலும் இதே கதைதான். விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று ஏற்றுக்கொள்ள நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 1999 பிப்ரவரி 28 வரை கட்டியவற்றுக்கு அது பொருந்தும். 2000-இல் உச்சநீதிமன்றம் அதை ஒரு முறைக்கு மட்டுமான ஏற்பாடு என்று கருதி அனுமதித்தது. அதன் பிறகும் கெடு நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டிப்புகளை 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. பின்னர் 113-சி வந்தது. 2007 ஜூலை 1-க்கு முந்தைய கட்டடங்களுக்கு இன்னொரு வாசல். விதிப்படி இடம் விட்டு, இரண்டு அறைகளைக் குறைத்துக் கட்டியவர் இதையெல்லாம் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்? ‘கட்டிவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று மேஸ்திரிகூடச் சொல்லத் தொடங்கியதற்கு இந்தச் சட்டத்திருத்தங்களே காரணம். 2019 பிப்ரவரியில் மாநிலம் முழுமைக்கும் ஒரே தொகுப்பாகக் கட்டட விதிகள் வந்ததும், 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைப்பதும் நல்ல மாற்றங்கள். சட்டப்படி நடப்பது எளிதானால்தான் நடப்பார்கள். ஆனால் சுயசான்று என்பதில் விவரம் பொய்யானால் பொறுப்பு கையெழுத்திட்டவரையே சேரும் என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

இனி பலகைகளுக்கு வருவோம். தன் கடையின் பெயரைத் தன் கடை முகப்பில் வைப்பது ஒன்று. வேறொருவரின் பொருளை விளம்பரம் செய்யத் தன் இடத்தை விடுவது மற்றொன்று. பழைய நகராட்சிச் சட்டங்களே அந்த இடத்தில் நடக்கும் தொழில் பற்றிய பலகைக்கு விளம்பர வரியிலிருந்து விலக்கு அளித்து இந்த வேறுபாட்டைக் காட்டின. பெயர்ப் பலகைக்கு விளம்பரப் பலகை அளவு கெடுபிடி இல்லை என்றாலும் விதி இல்லாமல் இல்லை. நடைபாதைக்கு மேல் அது நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. மேலும், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின் 15-ஆம் விதிப்படி பெயர் தமிழில் இருக்கவேண்டும். பிற மொழிகளும் வேண்டுமென்றால் தமிழ் மேலே, பெரிதாக வரவேண்டும். தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்ற விகிதம் நெடுங்காலமாக அரசாணையில் இருப்பது. அந்த விகிதத்தோடு தி.நகரிலோ காந்திபுரத்திலோ நடந்து பாருங்கள், எத்தனை பலகைகள் தேறும் என்று. பல ஆண்டுகள் பெயரளவுக்கு இருந்த அபராதம் இந்த விதியைக் காகிதத்திலேயே வைத்திருந்தது. தமிழ் படிக்கத் தெரிந்த, ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி மருந்துக்கடை எது என்று தானே கண்டுபிடிக்க முடிவதைவிட இந்த விதிக்கு வேறு நியாயம் தேவையில்லை.

விளம்பரப் பலகை விஷயத்தில் உரிமையாளர்கள் எதிர்பாராத செய்தி இதுதான்: தனியார் நிலத்தில், தனியார் கட்டடத்தின் மேல் வைப்பதற்கும் உரிமம் வேண்டும். சென்னை மாநகராட்சிச் சட்டத்தில் இதற்கென்று சேர்க்கப்பட்ட பிரிவுகளையும் 2003-ஆம் ஆண்டின் விதிகளையும் எதிர்த்து விளம்பர நிறுவனங்கள் உச்சநீதிமன்றம்வரை போயின. பொது இடத்தைக் கட்டுப்படுத்துங்கள், எங்கள் வாடகை இடத்தில் ஏன் தலையிடுகிறீர்கள் என்பது அவர்களின் கேள்வி. ஆனால் பலகையைப் பார்ப்பவர் சாலையில் வண்டி ஓட்டுகிறார். அதனால் அது எந்த நிலத்தில் நிற்கிறது என்பது முக்கியமில்லை. 2008-இல் உச்சநீதிமன்றம் அந்த விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு சென்னையின் பெரிய சாலைகளில் நின்ற பலகைகள் இறக்கப்பட்டன. வானம் தெரிந்தது என்று அன்று பலர் சொல்லிக்கொண்டது உண்மையான மகிழ்ச்சி. இப்போது 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த அதன் விதிகளும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாவற்றுக்கும் பொதுவாக இந்த உரிமத்தை வகுக்கின்றன. உரிமமின்றி வைத்தால் சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் இடமுண்டு.

ஏன் இத்தனை கெடுபிடி? காற்றின் கணக்கைப் பார்த்தால் விளங்கும். இந்தியத் தர நிர்ணய ஆவணமான ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி, கட்டுமானங்கள் தாங்கவேண்டிய அடிப்படைக் காற்று வேகத்தை ஊர்வாரியாகத் தருகிறது. சென்னைக்கு அது நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கோவைக்கு நொடிக்கு 39 மீட்டர். வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். நொடிக்கு 50 மீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமமான விசையோடு மோதும். 20 அடிக்கு 10 அடி என்ற நடுத்தரப் பலகையின் பரப்பு சுமார் 18.6 சதுர மீட்டர். அதன் மேல் விழும் பக்கவாட்டுத் தள்ளல் ஏறக்குறைய 2,800 கிலோ. உயரம், சுற்றுப்புறம், பலகையின் வடிவம் ஆகியவற்றுக்கேற்ப இந்த எண் கூடும், குறையும். வீடு கட்டிய பொறியாளர் மொட்டைமாடியில் இப்படி ஒரு தள்ளல் வரும் என்று எண்ணித் தூண் போட்டிருக்க மாட்டார். கைப்பிடிச் சுவரில் போல்ட் அடித்து நிறுத்திய சட்டகம் சாதாரண நாளில் அசையாமல் நிற்கும். அந்த நிற்றலை நம்பி உறுதித்தன்மைச் சான்று கேட்காமல் விடுகிறார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று என்ன செய்யும் என்று ஊரே பார்த்தது.

புயலே வேண்டியதில்லை. 2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே விளம்பரத் துணி பொருத்திக்கொண்டிருந்தபோது பலத்த காற்றில் இரும்புச் சட்டகம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு மே 13 அன்று மும்பை காட்கோபரில் புழுதிக்காற்றில் ஒரு பலகை பெட்ரோல் பங்க் மேல் விழுந்து 17 பேரைக் கொன்றது. அங்கே அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அளவு 40 அடிக்கு 40 அடி. விழுந்தது 120 அடிக்கு 120 அடி. பரப்பில் ஒன்பது மடங்கு. அந்த நிலம் ரயில்வே காவல்துறையின் வசம் இருந்தது. அவர்கள் அனுமதித்தார்கள், மாநகராட்சியின் அனுமதி இல்லை. நிலம் வைத்திருப்பவர் சம்மதித்தால் போதும் என்ற எண்ணம் அரசுத் துறையிடமே இருந்திருக்கிறது என்றால், மாடி வாடகைக்கு விடும் தனி மனிதரைக் குறைசொல்லி என்ன பயன்?

ஆகவே வாடகை ஒப்பந்தத்தைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. உரிமம் ஏஜென்சியின் பெயரில் இருக்கிறதா, எந்தத் தேதிவரை, புதுப்பித்தார்களா, கட்டமைப்புப் பொறியாளரின் உறுதித்தன்மைச் சான்று இந்தக் கட்டடத்துக்கே பெறப்பட்டதா, மூன்றாம் நபருக்கு நேரும் விபத்துக்குக் காப்பீடு உண்டா என்பவை ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கவேண்டும். உரிமம் முடிந்த அன்றே பலகையை இறக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் அதில் வரவேண்டும். பலகை விழுந்தால் ஏஜென்சியோடு நிலத்தின் உரிமையாளரும் வழக்கைச் சந்திக்க நேரும். நெடுஞ்சாலையை ஒட்டிய இடமென்றால் சாலைத் துறையின் தடையின்மைச் சான்றையும் கேளுங்கள்.

ஒரு நாள் கூத்துக்கு வைக்கும் பேனர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றில் தொலைந்தவை உயிர்கள். 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில் விழா அலங்கார வளைவின் மரச்சட்டத்தில் மோதி ஓர் இளம் பொறியாளர் இறந்தார். 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணை சாலையில், ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலை நடுவே வைத்த பேனர் இருசக்கர வாகனத்தில் வந்த 23 வயதுப் பெண் மேல் விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர்மேல் ஏறியது. அந்த மரணத்துக்கு ஒன்பது மாதம் முன்பே, 2018 டிசம்பரில், கட்சிகள் பேனர் வைக்கச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்திருந்தது. சமூக ஆர்வலர் டிராஃபிக் ராமசாமி இத்தகைய பேனர்களுக்கு எதிராக, 2021-இல் இறக்கும்வரை வழக்குமேல் வழக்காகப் போட்டு, சில சமயம் தானே கையால் கிழித்தும் போராடினார். அனுமதி எண்ணும் முடியும் தேதியும் அச்சிட்டவர் பெயரும் பேனரின் அடியில் இருக்கவேண்டும் என்று 2011-இலிருந்தே விதி இருக்கிறது. உங்கள் வீட்டுச் சுவரில் கயிறு கட்டிக் கொள்கிறோம் என்று யாராவது கேட்டால் அந்த எண்ணைக் காட்டச் சொல்ல வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு. உள்ளூர் கவுன்சிலரின் ஆட்களிடம் அப்படிக் கேட்பது எவ்வளவு கடினம் என்பது தெரிந்ததே. அதனாலேயே அதைக் கேட்கும் வேலையைக் காவல்துறையும் மாநகராட்சியும் செய்யவேண்டும் என்கிறேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது விளம்பர வரி விதிக்கும் அதிகாரம் மாநிலப் பட்டியலிலிருந்து நீங்கியது. உள்ளாட்சிகளுக்கு மிஞ்சியது உரிமக் கட்டணம். வருவாய் தேடும் உள்ளாட்சிக்குப் பலகைகள் கூடினால் லாபம். அதே உள்ளாட்சிதான் பலகைகளைக் கட்டுப்படுத்தவும் வேண்டும். பிரேசிலின் சாவ் பாவ்லோ 2007 ஜனவரி 1 முதல் வெளிப்புற விளம்பரங்களையே தடை செய்தது. கடைப் பெயர்ப் பலகைக்கும் அளவு வைத்தது: முகப்பு 10 மீட்டருக்குக் குறைவென்றால் ஒன்றரைச் சதுர மீட்டர். நம் நகரங்களுக்கு முழுத் தடை பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் அந்த விதியின் எளிமையை நாம் எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் டேப்பை எடுத்துத் தன் முகப்பை அளந்தால் தனக்கு எவ்வளவு என்று அவரே அறிவார். இடைத்தரகர் வேண்டாம், அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கும் இடமில்லை.

இங்கே உரிமையாளர் தொடங்க வேண்டிய இடம் புல எண். சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் ஊரையும் புல எண்ணையும் கொடுத்தால் நிலப் பயன்பாட்டு விவரம் கிடைக்கும். மற்ற மாவட்டங்களில் டி.டி.சி.பி.யின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கேட்கலாம். வாங்குவதற்கு முன் முன்பணம் தரும் நிலையிலேயே இதைப் பார்க்க வேண்டும். வாங்கும் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி வரைபடம் இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடிகளை எண்ணுங்கள், பக்கவாட்டு இடைவெளியை அளந்து பாருங்கள். வீட்டைக் கடைக்கு விடும்போது மின்கட்டண வகையும் சொத்துவரி வகையும் மாறும் என்பதால் அதை மறைத்து நெடுநாள் ஓட்ட முடியாது.

இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரின் எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் இதுவரை பெருநகர வரைபடத்துக்கு வெளியே இருந்த பல கிராமங்கள் இனி அதற்குள் வரும். வரைவுத் திட்டம் வெளியானதும் ஆட்சேபமும் ஆலோசனையும் தெரிவிக்கச் சட்டம் அவகாசம் தருகிறது. ஏரிக்கரை வயலுக்கு என்ன வண்ணம், ஊர்ப் பொதுத் திடலுக்கு என்ன வண்ணம், தன் வீட்டுத் தெரு கலப்புக் குடியிருப்பாவதா என்பதெல்லாம் அந்த நாள்களில்தான் தீரும். அந்த வரைவு ஒவ்வொரு கிராம ஊராட்சி அலுவலகச் சுவரிலும் தமிழில், புல எண்ணோடு, பெரிதாக ஒட்டப்பட வேண்டும். ஒட்டாவிட்டால் கிராம சபையில் கேட்டு ஒட்டச் செய்யலாம். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.